ஊசி போட்ட மறுநாள்

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் என்ற கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி இறந்துபோனார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர் என்பதால் நெல்லைச் சீமையில் அந்தச் சாவு வீட்டுச் சாவுபோலவே பேசப்பட்டது, பழி ஊசியின்மேல் விழுந்தது. இதய ரத்தக்குழாய் ஒன்று முழுக்க அடைபட்டிருந்ததாகச் சிகிச்சையளித்த மருத்துவமனை அப்போதே சொன்னது. மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழுவின் முடிவு வெளியானபோது அக்டோபர் ஆகிவிட்டது. அதுவரை வாட்ஸ்அப் சும்மா இருக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரிக்கப்படாத திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011-இல் சுமார் 30.77 லட்சம். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஆறு பேர் என்று வைத்தாலும், பாபநாசம் முதல் பாளையங்கோட்டை வரை, தென்காசியையும் சேர்த்து, நாளொன்றுக்கு ஐம்பது பேர் எப்போதும் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். மாவட்டம் முழுவதற்கும் ஒரே நாளில் வெறும் உப்புநீரை ஏற்றியிருந்தாலும், ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் முந்நூற்றைம்பது சாவு விழுந்திருக்கும். ஆகவே ஊசிக்குப் பிறகு வழக்கத்தைவிடக் கூடுதலாக நடந்தது எது என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததால்தான் ஓர் உண்மையான ஆபத்தும் பிடிபட்டது. அஸ்ட்ராஜெனிகா ஊசிக்குப் பின் (நமக்கு அது கோவிஷீல்டு) தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் அபூர்வப் பாதிப்பை ஐரோப்பிய மருத்துவர்கள் 2021 மார்ச்சிலேயே கவனித்தார்கள். அங்கே அது ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்கு, பெரும்பாலும் சில வாரங்களுக்குள் வந்தது. அந்த நிறுவனம் 2024-இல் பிரிட்டன் நீதிமன்றத்தில் இதை ஏற்றபோது, மூன்றாண்டுப் பழைய எச்சரிக்கை புதிதாக அம்பலமான ரகசியம்போல இங்கே சுற்றியது. ஊசி போட்டு இரண்டு வருடம் கழித்து வரும் மாரடைப்புக்கு அதில் விளக்கம் இல்லை.

‘அரசாங்கம் மறைக்கும்’ என்பார்கள். இந்தச் சந்தேகத்தை ஒதுக்கித் தள்ள முடியாது; ஊசி போட்ட பிள்ளைகள் நிஜமாகவே இறந்ததும் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழகம் கிராமத்தில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றியது. மருந்து நல்லதாக இருந்தும் கையாளும் முறை பிசகலாம். தட்டம்மை-ரூபெல்லா மருந்து பொடியாக வரும்; அதற்கென்று தரப்பட்ட திரவத்தில் மட்டுமே கரைக்க வேண்டும், கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். குப்பியைத் திறந்த நேரம் என்ன என்று தாய் கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. 2017 பிப்ரவரியில் இதே ஊசி முகாம் வாட்ஸ்அப் வதந்தியால் தடுமாறி, கெடு நீட்டிக்கப்பட்டது. அதில் வதந்தி பரப்பியவர்களுக்கு மட்டுமல்ல, ‘ஒரு பக்கவிளைவும் கிடையாது’ என்று சொல்லி அனுப்புகிறவர்களுக்கும் பங்கு உண்டு என்பேன். கைக்குழந்தைகளுக்கான பெண்டாவேலன்ட் ஊசி போட்ட ராத்திரி பிள்ளைக்கு உடம்பு கொதித்தால், அந்த வார்த்தை அங்கேயே பொய்யாகிவிடும். தொடை வீங்கலாம், ஓரிரு நாள் காய்ச்சல் அடிக்கலாம், தட்டம்மை ஊசியென்றால் ஒரு வாரம் கழித்துக்கூடக் காயலாம் என்று செவிலியர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வதந்திக்கு வேலை குறைவு.

யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றும், பாதகமான விளைவுகளைப் பொதுமக்களும் மருத்துவர்களும் பதிவுசெய்ய வழி வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் சொன்னது. இனி நாம் செய்யக்கூடியது: ஊசி போட்டதும் வீட்டுக்கு ஓடாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். கடும் ஒவ்வாமை மிக அபூர்வம், பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும், அதற்கு அட்ரினலின் அங்கேயே இருக்க வேண்டும். வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. பிறகு ஊசி அட்டையில் உள்ள தேதியோடு மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் பதியலாம். மரணம் நேர்ந்தால் பிரேதப் பரிசோதனையைக் குடும்பங்கள் மறுப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அது இல்லாவிட்டால் ஆய்வுக் குழுவின் கையில் காகிதம் மட்டும்தான் மிஞ்சும். இழப்பீடு விஷயத்தில் அரசின் பதில் கசப்பானது. கோவிட் ஊசி மரணங்களுக்குத் தான் பொறுப்பல்ல, குடும்பங்கள் சிவில் நீதிமன்றம் போகலாம் என்று மத்திய அரசு 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஊருக்காகப் போட்டுக்கொள்ளச் சொன்ன ஊசியில் லட்சத்தில் ஒருவர் விழுந்தால், அவர் குடும்பம் வக்கீல் தேடி அலைய வேண்டும் என்பது நியாயமான ஏற்பாடு அல்ல; தடுப்பூசியை ஆதரிப்பவர்கள்தாம் இதை முதலில் கேட்க வேண்டும்.