புளிப்பும் காரமும்: நறுக்குனு ஒரு சீன உருளைக்கிழங்கு

"சைனீஸ் சைடு டிஷ் ஒண்ணு சொல்லுங்க, ஆனா அஞ்சு பாட்டில் சாஸ் வாங்கச் சொல்லாதீங்க"னு கேட்டிருந்தீங்க. நியாயமான கோரிக்கை. நம்ம ஊர்ல சைனீஸ்னாலே சோயா சாஸும் சோளமாவும்தான். ஆனா சீனாவுல வீட்டுக்கு வீடு செய்யுற ஒரு உருளைக்கிழங்கு வறுவலுக்கு அது ரெண்டுமே வேண்டாம். வினிகர் ஒண்ணு இருந்தாப் போதும்.

பேரு சுவான் லா தூதோ ஸு. சுவான்னா புளிப்பு, லான்னா காரம். தூதோ, உருளைக்கிழங்கு, அந்தச் சொல்லைப் பிரிச்சா 'மண் அவரை'ன்னு வரும். ஸுன்னா பட்டு இழை. அந்த இழையிலதான் விஷயமே இருக்கு.

முதல் தடவை நண்பர்கள் சாப்பிட வந்த அன்னைக்குச் செஞ்சேன். நம்ம பொரியல் பழக்கத்துல நறுக்கினதும் நேரா வாணலியில போட்டு, மூடியும் போட்டுட்டேன். அஞ்சு நிமிஷத்துல பசை மாதிரி ஒரே உருண்டை. மசிச்சு போண்டாவுக்குள்ள வெச்சு மானத்தைக் காப்பாத்திக்கிட்டேன்.

தப்பு எங்கன்னா, இந்த டிஷ்ல கிழங்கு குழையவே கூடாது. பச்சை வாசம் போயிருக்கணும், கடிச்சா நறுக்குனு இருக்கணும்.

அதுக்கு வினிகர் எப்படி உதவுதுன்னு உங்க அம்மாவுக்குத் தெரியும். குழம்பு வைக்கும்போது "காய் வெந்தப்புறம் புளியை ஊத்து, இல்லைன்னா வேகாது"ம்பாங்களே, அதேதான். காயோட செல்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெச்சிருக்கிறது பெக்டின்ங்கிற பொருள். சூடு பட்டா அது கரைஞ்சு காய் குழையும். புளிப்பு சேர்ந்தா கரையுற வேகம் குறைஞ்சிடும். நம்ம வீட்டுல எது நடக்கக்கூடாதுன்னு பார்க்கிறோமோ, இங்க அதையே வேணும்னு செய்றாங்க.

ரெண்டு பேருக்கு நடுத்தரமா ரெண்டு கிழங்கு. தோல் சீவி, ஒரு பக்கம் மெல்லிசா வெட்டி எடுத்துடுங்க. அந்தத் தட்டையான பக்கம் கீழ இருந்தா கிழங்கு உருளாது, விரலும் தப்பிக்கும். மெல்லிய வில்லையா நறுக்கி, சீட்டுக்கட்டு மாதிரி சரிச்சு வெச்சு, தீக்குச்சி கனத்துக்கு இழை இழையா வெட்டுங்க. கேரட் துருவி வேண்டாம். அது கிழங்கைக் கிழிச்சு மாவை வெளிய கொண்டுவந்துடும்.

இப்போ தண்ணியில போட்டு அலசுங்க. தண்ணி பால் மாதிரி ஆகும், அதுதான் ஸ்டார்ச். என் போண்டாவுக்குக் காரணம் அதுதான். தண்ணி தெளியுற வரைக்கும் மூணு தடவை மாத்தி, பத்து நிமிஷம் ஊற வெச்சு, நல்லா வடிச்சுடுங்க. துணியில ஒத்தி எடுத்தா இன்னும் நல்லது. ஈரம் இருந்தா எண்ணெய் தெறிக்கும், கிழங்கும் வறுபடாம ஆவியில வெந்துடும்.

அடுத்தது வேகமான வேலை, அதனால எல்லாத்தையும் கைக்கெட்டுற தூரத்துல வெச்சுக்கோங்க. இரும்பு வாணலி நல்லா காய்ஞ்சதும் ரெண்டு பெரிய ஸ்பூன் எண்ணெய், கிள்ளிப்போட்ட காய்ஞ்ச மிளகாய் நாலு, நறுக்கின பூண்டு மூணு பல். மிளகாய் கருகுறதுக்குள்ள கிழங்கு உள்ள போயிடணும். தீயை முழுசா வெச்சுக் கிளறுங்க. ஒரு நிமிஷத்துல வினிகர் ஒரு சின்ன ஸ்பூன், இது நறுக்குத்தனத்துக்கு. உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டு இன்னும் ரெண்டு நிமிஷம். இழை லேசா கண்ணாடி மாதிரி ஆகும்போது ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாருங்க. சரியா இருந்தா இன்னொரு சின்ன ஸ்பூன் வினிகர் ஊத்தி இறக்கிடுங்க. இது வாசனைக்கு, முதல்ல ஊத்தினதுல பாதி வாசம் ஆவியாப் போயிருக்கும்.

சீனாவுல அரிசி வினிகரோ கறுப்பு வினிகரோ ஊத்துவாங்க. நம்ம கடையில கிடைக்கிற வெள்ளை வினிகர் கொஞ்சம் முரட்டுத்தனமா குத்தும், அதனாலதான் இந்தச் சின்ன அளவு. சிச்சுவான் மிளகு கிடைச்சா எண்ணெய்ல முதல்ல பொரிச்சு எடுத்துடலாம், நாக்கு இதமா மரத்துப்போகும். கிடைக்கலையா, விட்டுடுங்க. அதுக்குப் பதிலா நம்ம மிளகு போட்டா அது வேற டிஷ்.

நாலு பேருக்குன்னா ரெண்டு தடவையா செய்ங்க. வாணலி நிறைஞ்சா சூடு இறங்கிடும். வெறும் சாதத்தோடதான் அங்க சாப்பிடுவாங்க. எனக்கு ரசம் சாதத்தோட பிடிச்சிருக்கு. ஆனா செஞ்ச உடனே சாப்பிடணும், மறுநாள் சூடு பண்ணினா தொளதொளன்னு ஆயிடும்.