விண்டோஸை மாற்றும் முன் அச்சுப்பொறி அமைப்புகளைச் சேமிப்பது எப்படி? எல்லையோர மையங்களுக்கு எழுத்துருவும் முக்கியம்

பாறசாலை: தமிழகத்தின் களியக்காவிளையை ஒட்டியுள்ள கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதி கிராமங்களில் வருமானச் சான்றிதழ், நிலவரி ரசீது போன்றவற்றை அச்சிட்டுப் பெற மக்கள் அட்சயா மையங்களை நாடுகின்றனர். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்ததால், அதைப் பயன்படுத்தும் மையங்களும் கணினியகங்களும் புதிய இயங்குதளத்துக்கு மாற வேண்டிய நிலை உள்ளது.

அவ்வாறு மாறும்போது ஆவணங்களை நகலெடுப்பவர்களும் அச்சுச் சேவையகத்தை மறந்துவிடுவதுண்டு. பல கணினிகள் அனுப்பும் அச்சுப் பணிகளைப் பெற்று, வரிசைப்படுத்தி, உரிய பிரிண்டருக்கு அனுப்பும் கணினியே அது. பிரிண்டர்களின் பெயர், போர்ட், டிரைவர், பயன்படுத்துவோருக்கான அனுமதி ஆகியவை அதில்தான் பதிவாகியிருக்கும்.

விண்டோஸின் புரொஃபஷனல், சர்வர் பதிப்புகளில் உள்ள 'பிரிண்ட் மேனேஜ்மென்ட்' வசதி இவை அனைத்தையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து தருகிறது. புதிய கணினியில் அக்கோப்பை இறக்குமதி செய்தால் போதும். எனினும் பழையது 32 பிட் கணினியாக இருந்தால் சிக்கல் எழும். விண்டோஸ் 11 முழுவதும் 64 பிட் என்பதால், அதற்குரிய டிரைவரை முன்னதாகவே பெற்றுவைக்க வேண்டும். பிரிண்டரின் ஐபி முகவரியை ரவுட்டர் அவ்வப்போது மாற்றும் இடங்களில், மீட்டெடுத்த போர்ட் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும். முகவரியை நிலையாக ஒதுக்குவதே இதற்குத் தீர்வு.

கேரளப் பள்ளிகளில் 'கைட்' நிறுவனத்தின் குனு/லினக்ஸ் பயன்பாட்டில் உள்ளது. அதில் அச்சுப் பணியைக் கவனிப்பது 'கப்ஸ்' மென்பொருள். அதன் சேவையை நிறுத்திவிட்டு, அமைப்புக் கோப்புறையை உரிமைகள் மாறாமல் நகலெடுக்க வேண்டும். சேவை இயங்கும்போது பிரிண்டர் பட்டியலைத் திருத்தினால், அதை மென்பொருளே மேலெழுதிவிடக்கூடும். பிரிண்டர் நிறுவனம் வழங்கிய டிரைவர் தொகுப்பு வேறிடத்தில் பதிவாகும் என்பதால், அதைத் தனியே சேமிப்பது அவசியம்.

எல்லையோரப் பகுதிகளில் கூடுதல் கவனம் தேவைப்படுவது எழுத்துருக்களுக்கே. பிரிண்டர் அமைப்புகளின் நகலில் அவை இடம்பெறுவதில்லை. யுனிகோடுக்கு முந்தைய 'வானவில்' தமிழ் எழுத்துருவிலும், 'கார்த்திகா' மலையாள எழுத்துருவிலும் தட்டச்சு செய்த பழைய விண்ணப்ப மாதிரிகள், அந்த எழுத்துருக்கள் இல்லாத கணினியில் பொருளற்ற குறியீடுகளாகவே அச்சாகும். விண்டோஸின் சோதனைப் பக்கம் அழகாக வந்துவிடும் என்பதால், குறை உடனே தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.

நகல் வைக்கப்பட்டுள்ள வட்டை எப்போதும் கணினியுடன் இணைத்தே வைப்பதும் ஆபத்தானது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' தாக்குதலில் வயநாட்டின் தரியோடு, பத்தனந்திட்டையின் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகக் கணினிகள் முடங்கின. இத்தகைய மென்பொருள் இணைந்திருக்கும் வட்டையும் பூட்டிவிடும்.

தமிழிலும் மலையாளத்திலும் பழைய ஆவணம் ஒவ்வொன்றை அச்சிட்டுச் சரிபார்த்த பின்னரே பழைய கணினியின் வட்டை அழிக்க வேண்டும்.