எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில், செடியில் ஏதாவது கறை தெரிந்தால் முதல் பழி ஆலைப் புகைமேல்தான் விழும். இரும்பு ஆலைகள் உள்ள ஊர். மாடியில் காயப்போட்ட துணியிலேயே தூசி படியும்போது, தொட்டியில் நிற்கும் எலுமிச்சை மட்டும் தப்புமா என்ன?

ஆனால், எலுமிச்சைக் கொழுந்தில் நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடி, இலையும் சுருண்டிருந்தால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். தூசி என்றால் போய்விடும். இது போகாது. கோடு இருப்பது இலையின் மேல் அல்ல, இலைக்குள்ளே!

அது ஓர் அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. வேளாண்துறையினர் 'இலைத்துளைப்பான்' என்பார்கள். ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்பது அறிவியல் பெயர். இறக்கையை முழுக்க விரித்தாலே 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். வெள்ளியாக மின்னும் இறக்கையின் நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு. இருட்டியபின் நடமாடுவதால் நம் கண்ணில் படுவதே அபூர்வம்.

தாய்ப்பூச்சி இளங்கொழுந்தாகத் தேடி ஒவ்வொரு முட்டையாக வைக்கும். பொரிந்த புழு, இலையின் மெல்லிய தோலுக்கு அடியில் நுழைந்து சாற்றை உறிஞ்சியபடியே நகரும். வெள்ளிக் கோட்டின் நடுவே கறுப்பாக ஓடும் மெல்லிய இழை, புழுவின் கழிவு. கடைசியில் இலையின் ஓரத்தைப் பட்டு நூலால் மடித்துக்கொண்டு அதற்குள் கூட்டுப்புழுவாகிவிடும். சாப்பாடு, கூரை, தொட்டில் எல்லாமே ஒரே இலையில்!

எலுமிச்சை, நார்த்தை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, பம்ப்ளிமாஸ் எதையும் இது விடாது. சிவனுக்கு அர்ச்சிக்கும் வில்வத்திலும், நர்சரிகளில் 'காமினி' என்று விற்கும் வாசனைப் பூச்செடியிலும்கூட வரும். பார்வைக்குச் சம்பந்தமில்லாத செடிகள்தான். ஆனால் எல்லாம் ஒரே குடும்பம். இலையைக் கசக்கி முகர்ந்தால் உறவு புரிந்துவிடும். நம் கறிவேப்பிலையும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

1856-ல் ஹென்றி ஸ்டெய்ன்டன் என்ற ஆங்கிலேயர் இதற்குப் பெயர் வைத்தது, கல்கத்தாவில் கிடைத்த பூச்சியைப் பார்த்துத்தான். 1993-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குள் நுழைந்து, சுமார் ஒரு வருடத்தில் மாநிலம் முழுக்கப் பரவியது. அங்கே இதை அடக்க ஆள் போதவில்லை. கடைசியில் ஆசியாவைச் சேர்ந்த ஒரு குட்டிக் குளவியை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார்கள். அந்தக் குளவி பூச்சியின் முட்டையிலும் இளம்புழுவிலும் தன் முட்டையை வைத்துவிடும். பிறகு அந்தப் புழு அந்துப்பூச்சியாகாது, குளவிக்கு இரையாகிவிடும்.

இப்படிப்பட்ட குளவிகள் நம் ஊரில் இயல்பாகவே உண்டு. சிலந்தியும் எறும்பும் துணைக்கு வரும். கோட்டைப் பார்த்துப் பதறி, வயலுக்கு அடிக்கும் மருந்தை வாங்கி வந்து மாடியில் அடிப்பதில்தான் வம்பே. புழு தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கும், வெளியே திரியும் குளவிதான் முதலில் சாகும். பக்கத்துத் தொட்டியில் இருப்பதோ ரசத்துக்குக் கிள்ளும் கறிவேப்பிலை!

நன்றாக வேர்பிடித்து வளர்ந்த மரத்தை இந்தப் பூச்சி கொல்வதில்லை. முற்றிய இலை பக்கம் அது போகவே போகாது. கோடு விழுந்த இலையையும் பறிக்காதீர்கள். மிச்சமுள்ள பச்சைப் பகுதி செடிக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கும். யூரியாவை அள்ளிப் போட்டுக் கொழுந்தாகத் துளிர்க்க விடுவது, பூச்சிக்கு நாமே இலை போட்டு விருந்து வைப்பதற்குச் சமம். அடியிலிருந்து கிளம்பும் நீர்த்துளிர்களை மட்டும் கிள்ளிவிடலாம்.

நாற்றும் இளங்கன்றும் என்றால் கதை வேறு. இருப்பதே நாலு கொழுந்து, அதுவும் சுருண்டால் வளர்ச்சி நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு ஆபத்தும் சேரும். புழு கிழித்த புண் வழியே சொறிநோய்க் கிருமி சுலபமாக நுழைந்துவிடும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து, துளிர் விடும்போதே மாலையில் தெளியுங்கள்.

அடுத்தமுறை நர்சரியில் எலுமிச்சைக் கன்று வாங்கும்போது, பழம் தொங்குகிறதா என்று மட்டும் பார்க்காமல் கொழுந்து இலையையும் திருப்பிப் பாருங்கள்.