காயலான் கடையில் கோபால்ட்!

ஒரு லாரி டிரைவர் வழி தவறியதால் உலகத்துக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. 1984 ஜனவரி 16. அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் அணு ஆராய்ச்சிக்கூடத்தின் பக்கம் கட்டடக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று தப்பாகத் திரும்ப, அங்கிருந்த கதிரியக்க மானி அலறிவிட்டது. லாரியில் அணுகுண்டா? இல்லை, வெறும் கம்பிதான்! மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் பழைய புற்றுநோய் சிகிச்சை இயந்திரம் ஒன்று இரும்புக்கடைக்குப் போய், அதிலிருந்த கோபால்ட்-60 குண்டுமணிகள் உருக்காலையில் கலந்து கம்பியாகியிருந்தன. எல்லையில் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்று பெரிய துறைமுகங்களிலும் எல்லைகளிலும் இதற்கென்றே வாசல் வைத்திருக்கிறார்கள். துவாரபாலகர் மாதிரி இரண்டு பக்கமும் தூண். கன்டெய்னர் லாரி நடுவே மெதுவாகப் போகவேண்டும். தூணுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பலகை, காமா கதிர் பட்டால் மினுக்கென்று ஒளிரும். மினுக்கல்களை எண்ணுவதுதான் கருவியின் உத்தியோகம். நியூட்ரானைப் பிடிக்கத் தனியாக ஹீலியம்-3 குழாய்.

ஆனால் பாருங்கள், இதற்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. பொட்டாஷ் உரம், டைல்ஸ், கிரானைட், நம்ம மணவாளக்குறிச்சி மணல் எல்லாவற்றிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் சாப்பிட்ட மாமா கடந்து போனால்கூட ஊளையிடலாம்! அதனால் அடுத்து கைக்கருவியோடு ஒருவர் வருவார். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு கைரேகை: கோபால்ட்-60 என்றால் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். சீசியம்-137 என்றால் 0.66. பார்த்தவுடன் ஆசாமி யாரென்று தெரிந்துவிடும்.

கடத்தல்காரன் ஈயப் பெட்டியில் வைத்துவிட்டால்? காமா அடங்கிவிடும், வாஸ்தவம். ஆனால் எக்ஸ்ரே படத்தில் அந்த ஈயம் கன்னங்கரேலென்று காட்டிக்கொடுக்கும். ‘டைல்ஸ்’ என்று பில் போட்டவனுக்கு ஈயக்கட்டி எதற்கு?

மறைமலை நகரில் குடியிருக்கும் எனக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற கன்டெய்னரைவிட, உள்ளூர்க் காயலான் கடைதான் கவலை. துறைமுகத்தில் ஆயிரம் வாசல் வைத்தாலும், ஊருக்குள்ளேயே கிளம்பும் சரக்கை அது பார்க்காதே!

டெல்லி மாயாபுரியில் அதுதான் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1968-ல் கனடாவிலிருந்து வாங்கிய காமா கதிர் இயந்திரம், 1985-க்குப் பிறகு சும்மா கிடந்தது. 2010 பிப்ரவரியில் ஏலம் விட்டார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவலே இல்லை. காயலான் கடைக்காரர்கள் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். பளபளவென்று இருந்த துண்டை ஒருவர் பர்ஸில் வைத்துக்கொண்டார். பலர் ஆஸ்பத்திரியில் விழ, ஏப்ரலில் ஒருவர் செத்தே போனார்.

நான் பி.காம்.காரன். எனக்கு இது தேய்மானக் கணக்காகத்தான் புரிகிறது. கோபால்ட்-60 ஐந்தேகால் வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். ரிட்டன் டவுன் வேல்யூ முறை மாதிரி, குறைந்துகொண்டே போகுமே தவிர பூஜ்யமாகாது. 42 வருஷத்தில் அது சுமார் 250-ல் ஒரு பங்காகிவிட்டது. பேரேட்டில் அதன் மதிப்பு என்னவாக இருந்தாலும், அந்த 250-ல் ஒரு பங்கு ஓர் ஆளைக் கொல்லப் போதுமானதாக இருந்தது.

அதற்கு முன்பே 2008-ல், இந்திய எஃகில் செய்த லிப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 இருந்ததைப் பிரான்ஸ் கண்டுபிடித்தது. அதைக் கையாண்ட சுமார் 20 தொழிலாளர்கள் மீது கதிர் பட்டிருந்தது. நம் ஊர் உருக்காலையில் கலந்தது அந்த ஊர் லிப்டில் போய் நின்றது!

ஆகவே சார், மஞ்சளில் மூன்று இதழ் சின்னமோ, சிவப்பு முக்கோணத்தில் மண்டையோடும் ஓடுகிற ஆளும் தெரிந்தால் நீங்களும் ஓடுங்கள். வெட்டவேண்டாம், தட்டவேண்டாம், தூரப்போய் 112-க்குப் போன் பண்ணுங்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் ஆபீஸில் பழைய சாமான் ஏலப் பட்டியல் டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைப்பது நீங்களாகவே இருக்கலாம். ‘பழைய மெஷின் - 1’ என்று ஒரே வரியில் முடிக்காமல், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். மானேஜர் முறைத்தால் முறைக்கட்டும்.