தேய்வின் விலை

பழையதைக் கழித்துப் புதியது வாங்குவது உலக வழக்கு. புதிய பொருளைத் தேய்த்துப் பழையதுபோல் ஆக்கி, அதனைப் பன்மடங்கு விலைக்கு வாங்குவோரும் உளர் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். அவ்வாசைக்கு ஆட்பட்டவருள் நானும் ஒருவன்.

எரிக் கிளாப்டன் என்னும் ஆங்கில இசைஞர், 1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலே பழைய ஃபெண்டர் கிற்றார்கள் சிலவற்றை மலிவாக வாங்கினார். சிலவற்றை நண்பர்களுக்கு ஈந்தார். எஞ்சிய மூன்றின் நல்ல உறுப்புகளைத் தெரிந்து ஒன்றாய்ப் பூட்டினார். கரிய நிறத்தால் 'பிளாக்கி' என அது பெயர் பெற்றது. வாசிக்கையிலே சிகரெட்டை அதன் தலையிற் செருகிவைப்பார். அங்கே சுட்ட வடு விழுந்தது. கழுத்துத் தேய்ந்துவிடவே 1985இல் அதற்கு ஓய்வளித்தார். 2004இல் நியூயோர்க் ஏலத்தில் அது 959,500 டொலருக்கு விலைபோயிற்று. அப்பணம், போதைக்கு அடிமையானோரை மீட்பதற்காக அன்டிகுவாத் தீவில் அவர் நிறுவிய நிலையத்துக்குச் சென்றது.

2006இல் ஃபெண்டர் நிறுவனம் பிளாக்கியைப் போன்ற 275 கிற்றார்களைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் 24,000 டொலர் விலை கூறிற்று. உரசலும் நிறமிழப்பும் சிகரெட் வடுவுங்கூட அவற்றிலே வழுவாது படியெடுக்கப்பட்டிருந்தன. விரைவிலே யாவும் விற்றுத் தீர்ந்தன. வாங்கினோரைப் பேதையர் என்பதற்கில்லை. தாம் போற்றும் ஒருவரின் கை தேய்த்த இடத்திலே தம் கையையும் வைத்துப் பார்க்கும் வேட்கை அது. எண்ணிக்கை சுருங்கச் சுருங்க அவ்வேட்கை பெருகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறோர் இசைஞரின் கையொப்பம் பொறித்த கிற்றார் ஒன்றை வாங்கச் சென்றேன். சேமித்த பணம் போதாமையால் என் பழைய கிற்றாரையும் ஈடாகக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதனைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தின் பின்புறத்தே மெருகு போயிருப்பதைச் சுட்டிக்காட்டி, அதன் மதிப்பைப் பாதியாகக் குறைத்தார். இருபது ஆண்டுகளாக என் பெருவிரல் பட்டுப்பட்டு உண்டான தேய்வு அது. புகழுடையார் தேய்த்தால் விலை ஏறுகிறது; நான் தேய்த்தால் இறங்குகிறது!

வணிக முறைப்படி அவர் கூறியது சரியே. ஆயினும் அதனைக் கொடுக்க மனம் வரவில்லை. பேருந்திலே மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஆசை அறவே அகன்றது என்று சொல்லேன். ஆனால் கிளாப்டன் அக்கிற்றார்களை வாங்கியபோது அவற்றில் எவருடைய கையொப்பமும் இருக்கவில்லை என்பதை நினைத்தேன். அன்றிரவே என் கிற்றாருக்குப் புதிய தந்திகள் பூட்டினேன்.