பாட்டியின் மொய் நோட்டு

பாட்டியின் பிஸ்கட் டின்னில் நான் தேடியது பழைய படங்களைத்தான். பல்கலைக்கழகப் பாடம் ஒன்றுக்காகக் குடும்ப வரலாறு எழுத வேண்டியிருந்தது. படங்களுக்கு அடியில், ஓரம் அரித்துப்போன நீளமான நோட்டு ஒன்று கிடந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 1961. தாத்தா பாட்டி கல்யாணத்தின் மொய் நோட்டு.

அம்பாங்கானில் நாங்கள் இப்போது குடியிருப்பது தாமான் வீட்டில். பாட்டி வாழ்க்கைப்பட்டு வந்த ரப்பர் தோட்டம் இங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருந்ததாம். இன்று லயமும் இல்லை, ஆயாக் கொட்டகையும் இல்லை. அங்கே யார் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு எங்கள் வீட்டில் மிஞ்சிய ஒரே எழுத்து அந்த நோட்டுதான்.

2 வெள்ளி, 5 வெள்ளி என்ற கணக்கைத் தாண்டி அதில் நிறைய இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், எந்த லயம், சிலருக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊர் என்பதுகூட. பக்கத்துத் தோட்டத்தாரை 'ஆத்தங்கரைத் தோட்டம்', 'நெட்டைத் துரைத் தோட்டம்' என்று எழுதியிருக்கிறார்கள். அவை தொழிலாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்கள். வரைபடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

வேர் தேடுகிறவர்களுக்கு நம் பெயர் முறையே ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். போதாக்குறைக்கு, என் தாத்தாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி!

தென்னாப்பிரிக்கத் தமிழர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை. 1860 முதல் 1911 வரை சுமார் 152,000 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்குக் கப்பலேறினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, தகப்பன் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைப் பதிந்தார்கள். அவர்களைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்ட அந்தக் கப்பல் பட்டியல்களை வைத்துத்தான் இன்று கொள்ளுப்பேரர்கள் தங்கள் கிராமத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கங்காணியோடு வந்த எங்கள் முப்பாட்டனுக்கு அப்படி ஓர் எண் இருந்ததாக எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்கு இருப்பது மொய் நோட்டு.

அதை லேமினேட் செய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல வேளை, அதற்கு முன் நூலகர் ஒருவரிடம் கேட்டேன். சூடுபட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு சேதமில்லாமல் பிரிக்க முடியாது என்றார். செலோடேப்பும் ஆகாது, அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ஸ்டேப்ளர் கம்பி நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும். படங்களின் பின்னால் குறிப்பெழுத மென்மையான பென்சிலே போதும், பேனா வேண்டாம் என்றார்.

அவர் சொன்ன இன்னொரு செய்தி எனக்குப் புதிது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மலேசியாவில் அச்சாகும் நூலின் 5 பிரதிகளைப் பதிப்பாளர் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கையால் எழுதிய மொய் நோட்டும் லயத்து வீட்டுக் கடிதமும் இந்தக் கணக்கில் வராது. வீட்டார் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

அப்படிக் காகிதம் சேர்த்த ஒருவரின் உழைப்பில் உருவானதுதான் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நிற்கவில்லை. கல்யாண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் வீசியெறிந்ததையும் எடுத்து வைத்தார். அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. ஆனால் தமிழ்நாட்டை விட்டுக் கொண்டுபோகவில்லை. 1994-இல் அதைக் கொண்டே நூலகம் அமைந்தது.

இதையெல்லாம் பாட்டியிடம் உற்சாகமாகச் சொன்னேன். 84 வயதுப் பாட்டி அசையவில்லை.

"யாரு எவ்ளோ போட்டாங்கன்னு ஊரே பாக்கணுமா? அந்த மாசம் பல பேருக்குச் சம்பளமே சரியா இல்லம்மா. ஒரு வெள்ளி போட்டவங்க பேரப்பிள்ளைங்க இன்னிக்கு நம்ம பக்கத்துலதான இருக்காங்க."

எனக்கு இது தோன்றவே இல்லை. என் ஆராய்ச்சி ஆசையில் அடுத்த வீட்டாரின் மானத்தை மறந்திருந்தேன். மறுபடியும் நூலகரிடம் போனேன். அசலை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுக்கலாம், தொகைப் பத்தியை மறைத்தும் நகலெடுக்கலாம், குறிப்பிட்ட காலம் வரை யாருக்கும் காட்டக்கூடாது என்றும் எழுதிக் கொடுக்கலாம் என்றார். பாட்டி இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "காசை மறைச்சிட்டுக் குடு" என்றார்.

வேலை அதோடு முடியவில்லை. நோட்டில் ஆண்களுக்குப் பெயர் இருக்கிறது. தனியாக மொய் எழுதிய பெண்களோ 'பெரிய கங்காணி சம்சாரம்', 'மூனாம் லயம் டிரைவர் சம்சாரம்' என்றுதான் இருக்கிறார்கள். அவர்களோடு நெற்றில் பால் வெட்டியவர், அவர்கள் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர் பாட்டி. பெயர்கள் அவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அந்த நினைவும் இப்போது சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீர் குடித்தபடி இருவரும் உட்காருகிறோம். நான் வரியைப் படிப்பேன், பாட்டி பெயரைச் சொல்வார், தனித்தாளில் பென்சிலால் எழுதிக்கொள்வேன். இதுவரை 7 பக்கம் முடிந்திருக்கிறது. ஏழாம் பக்கத்தில் 'கோழிக்காரம்மா, 2-ஆம் லயம்' என்று ஒரு வரி. முகம் தெரிகிறது, முட்டை விற்றது தெரிகிறது, பெயர் மட்டும் வரவில்லை என்கிறார் பாட்டி. அவருடைய மகள் சிக்காமாட்டில் இருக்கிறாராம். அடுத்த ஞாயிறு அங்கே போகிறோம்.