போதைப்பொருள் இறக்குமதிச் சதி வழக்குகளில் ஜூரிக்கான அறிவுறுத்தல்கள்

ஜூரிக்கான அறிவுறுத்தல்கள் என்பவை, குற்ற வழக்கு விசாரணையின்போது நீதிபதி ஜூரிக்கு வழங்கும் சட்ட விளக்கங்கள் ஆகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடுமையான குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றத்தில், சட்டம் என்ன என்பதை நீதிபதி கூறுவார்; நடந்தது என்ன என்பதைப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 12 பேர் முடிவு செய்வர். இக்கட்டுரை அந்நாட்டு நடைமுறையை விளக்குகிறது.

சட்டப் பின்னணி

1977ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தின் 1ஆம் பிரிவின்படி, ஒரு குற்றத்தைச் செய்ய இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உடன்படுவதே சதி ஆகும். உடன்பாடு ஏற்பட்டதும் குற்றம் முழுமை பெறுகிறது. எனவே, சரக்கு பிடிபடாவிட்டாலும் சதி நிரூபிக்கப்படலாம். சரக்கு பிடிபட்டது என்பதாலேயே அதனோடு தொடர்புடைய அனைவரும் சதிகாரர்கள் ஆகிவிடமாட்டார்கள்.

எந்தப் போதைப்பொருள்?

தடைசெய்யப்பட்ட பொருளை இறக்குமதி செய்த குற்றத்துக்கு, கொண்டுவருவது தடைசெய்யப்பட்ட பொருள் என்று அறிந்திருந்தாலே போதும். அது எந்தப் பொருள் என்று அறிந்திருக்கத் தேவையில்லை. சதிக் குற்றத்தில் நிலை வேறு. தாய்லாந்திலிருந்து ஹெராயினையும் காஷ்மீரிலிருந்து கஞ்சாவையும் மரச்சாமான்களில் மறைத்துக் கொண்டுவந்தது தொடர்பான சிரகூசா வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியது. ஹெராயின் இறக்குமதிக்கான உடன்பாட்டை, கஞ்சா இறக்குமதிக்கான உடன்பாட்டைக் காட்டி நிரூபிக்க முடியாது.

இது வெறும் சொல் வேறுபாடு அன்று. 'ஏ' வகுப்பைச் சேர்ந்த ஹெராயினை இறக்குமதி செய்வதற்கு அதிகபட்சத் தண்டனை ஆயுள் சிறை; 'பி' வகுப்பைச் சேர்ந்த கஞ்சாவுக்கு 14 ஆண்டுகள். கஞ்சா என்று நம்பி உடன்பட்ட ஓட்டுநரை, ஹெராயின் சதியில் ஈடுபட்டவர் என்று ஜூரி தீர்மானிக்க இயலாது.

ஒவ்வொருவருக்கும் தனி முடிவு

பலர் ஒன்றாக விசாரிக்கப்படும்போது, ஒவ்வொருவருக்கும் எதிரான சான்றுகளைத் தனித்தனியே எடைபோடுமாறு நீதிபதி அறிவுறுத்துவார். சதிகாரருடன் நட்பு, உறவு, தொலைபேசித் தொடர்பு ஆகியவை இருப்பது மட்டும் போதாது. பொது நோக்கத்தை முன்னெடுப்பதற்காக ஒருவர் சொன்னதையும் செய்ததையும் மற்றவருக்கு எதிராகப் பயன்படுத்தலாம். ஆனால், அம்மற்றவர் சதியில் இருந்தார் என்பதற்கு வேறு சான்றும் இருக்க வேண்டும். கைதான பிறகு ஒருவர் காவல்துறையிடம் அளிக்கும் வாக்குமூலம் பொதுவாக அவருக்கு எதிராக மட்டுமே சான்றாகும்.

பொய் பற்றிய அறிவுறுத்தல்

குற்றம் சாட்டப்பட்டவர் பொய் சொன்னார் என்பது மட்டும் குற்றத்தை நிரூபிக்காது. அச்சம், வெட்கம், பிறரைக் காப்பாற்றும் எண்ணம் ஆகியவற்றாலும் ஒருவர் பொய் சொல்லலாம் என்பதை நீதிபதி ஜூரிக்கு நினைவூட்டுவார். 1981ஆம் ஆண்டின் லூக்காஸ் வழக்கிலிருந்து இது லூக்காஸ் அறிவுறுத்தல் எனப்படுகிறது.

எழுத்து வடிவ வினாக்கள்

இத்தகைய வழக்குகளில் ஜூரிக்குப் படிப்படியான வினாத்தாள் தரப்படுவது வழக்கம். எடுத்துக்காட்டாக:

1. ஹெராயினை இறக்குமதி செய்ய ஓர் உடன்பாடு இருந்தது என்று உறுதியாக நம்புகிறீர்களா?
2. இவர் அந்த உடன்பாட்டில் சேர்ந்தார் என்று உறுதியாக நம்புகிறீர்களா?
3. அது நிறைவேற வேண்டும் என்ற நோக்கம் இவருக்கு இருந்தது என்று உறுதியாக நம்புகிறீர்களா?

ஏதேனும் ஒன்றுக்கு விடை 'இல்லை' என்றால், அவர் அக்குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும்.

மேல்முறையீடு

ஜூரி தன் தீர்ப்புக்குக் காரணம் கூறுவதில்லை. ஆகவே, அவர்கள் சட்டத்தை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதை அறிய மேல்முறையீட்டு நீதிமன்றம் முதன்மையாக நீதிபதியின் அறிவுறுத்தலையே ஆராய்கிறது. அதிலுள்ள பிழையால் தீர்ப்பு பாதுகாப்பற்றது எனக் கருதினால், அந்நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நீக்கும், மறுவிசாரணைக்கும் உத்தரவிடலாம்.